ஃபேமிலி மெடிசின் பயிற்சியை மனம் வெறுக்காமல் முடிப்பது எப்படி? பெங்களூரு வரும் நம்ம ஊர் ஜூனியர்களுக்கு

எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் படிக்க எழுதும் நீட் பிஜி தேர்வின் கவுன்சிலிங் நடக்கிற சமயத்தில் தமிழ்நாட்டிலிருந்து எனக்கு வரும் ஃபோன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, பெங்களூருல ஃபேமிலி மெடிசின் டிஎன்பி கிடைக்கும் போல இருக்கு. எடுத்துக்கலாமா, இல்ல இன்னொரு வருஷம் படிச்சு எழுதலாமா?" ஃபேமிலி மெடிசின் என்பது ஒரு உறுப்போடு நிற்காமல் வீட்டில் யாருக்கு என்ன உபாதை என்றாலும் முதலில் பார்க்கிற டாக்டராவதற்கான படிப்பு, டிஎன்பி அதில் ஒரு முதுநிலைப் பட்டம். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. ரேங்க், வீட்டு நிலைமை, வயசு, கல்விக் கடன் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் அது, அதில் மூன்றாம் மனுஷனுக்கு வேலையில்லை. ஆனால் எடுத்துக்கொண்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டாமல், ஓரளவு சந்தோஷமாகவே கற்றுக்கொண்டு வெளியே வர என்ன செய்யலாம் என்று கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சியை முடித்துவிட்டு "நல்லவேளை சேர்ந்தேன்" என்று சொல்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், இரண்டு விஷயம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். ஒன்று, ஒருமுறை பார்த்த நோயாளியையே திரும்பத் திரும்பப் பார்க்கிற வாய்ப்பு. இன்னொன்று, பார்த்து முடித்ததும் உட்கார்ந்து பேச ஒரு சீனியர். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஏசி ஹாஸ்டல் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் மனசு விட்டுப்போகும். அதற்காக ஸ்டைபெண்டும் டூட்டி நேரமும் முக்கியமில்லை என்று தத்துவம் பேச வரவில்லை. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இலேயே சொன்ன சங்கதி இது: சம்பளம், தங்குமிடம், மேலதிகாரியின் குணம் இதெல்லாம் மோசமாக இருந்தால் வேலை கசக்கும், ஆனால் இவை நன்றாக இருப்பதால் மட்டும் வேலை இனித்துவிடாது. இனிப்பது வேலைக்குள் இருக்கிற விஷயங்களால்: நம்மால் ஒன்று சரியாகிறது என்று தெரிவது, பொறுப்பு கூடுவது, கை தேறுவது. அதனால் உங்கள் குறைகளை இரண்டு தாளில் தனித்தனியாக எழுதுங்கள். மெஸ் சாப்பாடும் லீவும் ஒரு தாளில், கற்பதும் நோயாளியும் இன்னொன்றில். முதல் தாளுக்கு நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போடுங்கள். இரண்டாம் தாளில் உள்ளதைப் பெரும்பாலும் நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும், இந்தக் கட்டுரை முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

சேருவதற்கு முன்னால்

வழிகள் என்னென்ன என்று சுருக்கமாக: எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கு என்பிஇஎம்எஸ் (தேசிய மருத்துவத் தேர்வு வாரியம்) நடத்தும் டிஎன்பி மூன்று வருடம். அதே அமைப்பு 2020இல் தொடங்கிய டிப்ளமோ படிப்புகளில் ஃபேமிலி மெடிசினும் ஒன்று, அது இரண்டு வருடம். எம்டி ஃபேமிலி மெடிசின் சில கல்லூரிகளில் மட்டும் இருக்கிறது. வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்களுக்கு வேலூர் சிஎம்சி நடத்தும் தொலைதூர டிப்ளமோ இருக்கிறது, நல்ல படிப்பு, ஆனால் டிஎன்பிக்கோ எம்டிக்கோ சமமான பட்டம் என்று நினைத்துச் சேராதீர்கள். டிஎன்பி சீட்டை எடுத்துவிட்டு நடுவில் விட்டால் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு டிஎன்பியில் சேரத் தடை வரும், ஆகவே "சும்மா சேர்ந்து வைப்போம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற யோசனை இருந்தால் அந்த வருடத்துக் கையேட்டை வரி விடாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது துறைத் தலைவரிடம் பேசுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அவர் நல்லதைத்தான் சொல்வார். இரண்டாம் வருட ரெசிடென்ட் (அங்கே பயிற்சியில் இருக்கும் டாக்டர்) ஒருவரின் நம்பரை எப்படியாவது வாங்குங்கள், அதுவும் அவர் டூட்டி முடிந்து ரூமுக்குப் போன பிறகு கூப்பிடுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஃபேமிலி மெடிசினுக்கென்று தனி ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) இருக்கிறதா, இல்லை போர்டு மட்டும் தொங்குகிறதா? வாரத்தில் எத்தனை அரை நாள் அங்கே உட்கார விடுவார்கள்? மற்ற துறைகளுக்கு ரொட்டேஷன் போகும்போதும் வாரம் ஒருமுறையாவது உங்கள் ஓபிடிக்குத் திரும்பி வர முடிகிறதா? ஃபேமிலி மெடிசின் படித்த கன்சல்டன்ட் யாராவது அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரா? கேஷுவாலிட்டியில் ஆள் குறையும்போதெல்லாம் யாரைத் தூக்கிப் போடுகிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு எதிர்முனையில் ஒரு சிரிப்பு மட்டும் வந்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைகளை அடைக்கிற ஆளாக ஃபேமிலி மெடிசின் ரெசிடென்டைப் பயன்படுத்துவது பல இடங்களில் நடக்கிறது. எல்லாத் துறையும் கொஞ்சம் தெரிந்தவர் என்பதால் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று நிர்வாகத்துக்குத் தோன்றிவிடுகிறது.

இந்தத் துறை ஏன் முதலில் பிடிபடாமல் போகிறது

1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உபாதை வரும், 250 பேர் டாக்டரிடம் போவார்கள், 9 பேர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆவார்கள், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வரை போய்ச் சேருவது ஒரே ஒருவர். அமெரிக்கா, பிரிட்டன் புள்ளிவிவரத்தை வைத்துப் போட்ட பழைய கணக்குதான், நம்ம நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? நாம் எம்பிபிஎஸ்ஸில் படித்ததெல்லாம் அந்த ஒருவரை வைத்து. ஃபேமிலி டாக்டர் பார்க்கப்போவது மிச்சம் 249 பேரை. அவர்கள் பாடப்புத்தகம் மாதிரி வர மாட்டார்கள். "உடம்பெல்லாம் அசதியா இருக்கு சார்" என்று வருவார்கள். அது ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மகளின் கல்யாணம் தட்டிப்போனதாகவும் இருக்கலாம், சில சமயம் மூன்றும் சேர்ந்து இருக்கும்.

வார்டில் கெட்டிக்காரராக இருந்தவர்கள் முதல் மாதம் ஓபிடியில் தடுமாறுவது இதனால்தான். இருபது பேரைப் பார்த்துவிட்டு "இன்னிக்கு ஒரு கேஸ்கூட இல்லை, எல்லாம் சளி, காய்ச்சல், முதுகு வலி" என்று ஒரு ஜூனியர் சொன்னால் அவருக்கு இன்னும் கண் பழகவில்லை என்று அர்த்தம். டெங்கு சீசனில் வரும் காய்ச்சல்காரர்கள் இருபது பேரில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை நாளைக்கு மறுபடி வரச் சொல்ல வேண்டும், காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கும் என்பதை எந்த வார்த்தையில் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் வயிற்று வலியையும் விடாத வாந்தியையும் கவனிப்பார்கள், இதெல்லாம் சாமான்ய வேலையில்லை. எந்த ஐசியுவும் இதைச் சொல்லித் தராது.

ஒரு உதாரணம், கொஞ்சம் விரிவாக

பெங்களூருவில் ஒயிட்ஃபீல்டு, ஓஎம்பிஆர் பக்கமெல்லாம் ஐடி பிள்ளைகளின் வீட்டுக்கு வந்து தங்கும் அப்பா அம்மாக்கள் ஏராளம். ஆறு மாதம் ஊரில், ஆறு மாதம் இங்கே. அப்படி ஒரு திருநெல்வேலி அம்மா, எழுபதை நெருங்குகிற வயசு, ஜவுளிக்கடை மஞ்சப்பை நிறைய மாத்திரையோடு வந்து உட்கார்ந்து "எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது தம்பி" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருக்கிற டாக்டர் அந்தப் பையில் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து அனுப்பிவிடுவார்.

நீங்கள் பையை மேஜையில் கொட்டுங்கள். நிஜமாகவே கொட்டுங்கள். ஊர் டாக்டர் எழுதிய அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை ஒரு அட்டை. இங்கே இதய டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை இன்னொரு அட்டை, பெயர் வேறு, ஆனால் உள்ளே டெல்மிசார்ட்டனோடு அதே அம்லோடிபின். அம்லோடிபின் இரட்டிப்பானதில் கால் வீங்கியிருக்கிறது. கால் வீக்கத்துக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் ஃபுரோசிமைட் என்ற நீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதில் நீர் இறங்கி, எழுந்தால் தலை சுற்றுகிறது. தலைசுற்றலுக்கு வேறொருவர் சின்னரிசின் எழுதியிருக்கிறார், அது வயசானவர்களுக்குத் தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும், மாதக்கணக்கில் எடுத்தால் கை நடுக்கம்கூட வரும். படுக்கவைத்து பிபி பார்த்தால் மேல் எண் 138, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் 108. 20 இறங்கினாலே அது நிற்கும்போது வரும் ரத்த அழுத்தக் குறைவு, இங்கே 30 இறங்கியிருக்கிறது. நான்கு டாக்டரும் அவரவர் அளவில் தப்பாக எதுவும் செய்யவில்லை. முழுப் பையை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சீனியரோடு பேசி, இதய டாக்டருக்கும் ஒரு ஃபோன் போட்டுவிட்டு, இரட்டிப்பான அம்லோடிபின், ஃபுரோசிமைட், சின்னரிசின் மூன்றையும் நிறுத்துகிறீர்கள். எதை நிறுத்தினோம், எதைத் தொடர வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறீர்கள். அந்த இரண்டாவது வருகையில்தான் விஷயம் இருக்கிறது. அன்று நீங்கள் வேறு துறையில் ரொட்டேஷனில் இருந்து, அந்த அம்மாவை வேறு யாரோ பார்த்தால் உங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. நீங்களே பார்த்தால், கால் வீக்கம் வடிந்ததைப் பார்த்தால், "இவனுக்கும் பிரஷர் இருக்கான்னு பாருங்க தம்பி" என்று மகனையும் இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தால், ஃபேமிலி மெடிசின் என்ன என்று யாரும் உங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அதனால் நோட்டு ஒன்று வாங்குங்கள்

மறுபடி பார்க்கும் வாய்ப்பு தானாக அமையாது, அதிலும் இரண்டு மாதத்துக்கு ஒரு துறை மாறிக்கொண்டிருக்கும்போது. ஒரு நாளைக்கு இரண்டு நோயாளி போதும், எல்லாரையும் எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். பெயர் எழுத வேண்டாம், ஆஸ்பத்திரி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் வயசும் போதும். என்ன நினைத்தேன், என்ன செய்தேன், எப்போது திரும்ப வருவார். உதாரணமாக: "54, ஆண். மூன்று வாரமாக வறட்டு இருமல். எனாலப்ரில் என்ற பிபி மாத்திரை எடுக்கிறார், இருமல் அதனால் என்று நினைக்கிறேன், மாற்றியாயிற்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பதால் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். நாலு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும்." நாலு வாரம் கழித்து என்ன ஆனது என்று பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஆஸ்பத்திரி ஃபோனிலிருந்து கூப்பிட்டுக் கேளுங்கள், முதல் தடவையே "கூப்பிட்டா பரவாயில்லையா?" என்று அனுமதி வாங்கி வைத்திருந்தால் சங்கடமில்லை. உங்கள் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழும்.

சிவப்பு வரிகளில் பாதி நீங்கள் நினைத்தது போல இருக்காது. அது நல்லதுதான். கை தேறுகிறது என்கிற உணர்வு அங்கிருந்துதான் வரும், மதிப்பெண்ணிலிருந்து வராது.

ரொட்டேஷன்களை ஓட்டுவது

மற்ற துறைகளில் உங்களை விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய பிஜி ஆபரேஷன் கற்றுக்கொள்ள வந்தவர், நீங்கள் ரிட்ராக்டர் பிடிக்க வந்தவர் என்று நினைப்பு. இதைக் கோபப்பட்டு மாற்ற முடியாது. ஒவ்வொரு துறைக்கும் போகும் முதல் நாளே "இங்கிருந்து எனக்கு இது வேண்டும்" என்று ஒரு துண்டுச் சீட்டை எழுதி அங்குள்ள சீனியர் ரெசிடென்ட் கையில் கொடுங்கள். பெரிய ஆபரேஷன் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அறுவைத் துறையில் கட்டி கீறுவது, காயம் தைப்பது, சர்க்கரைக்காரர் காலைப் பார்க்கும் முறை. மகப்பேற்றில் கர்ப்பகால செக்கப், காப்பர் டி போடுவது. ஈஎன்டியில் காது அழுக்கு எடுப்பதும், ஓட்டோஸ்கோப்பில் நல்ல செவிப்பறையையும் கெட்டதையும் கண் பழகும் வரை பார்ப்பதும். கண் துறையில் சிவந்த கண்ணில் எது அவசரம் எது இல்லை என்பது. தோல் துறைக்கு ஒரு வாரம் கூடுதலாகவே கேட்டு வாங்குங்கள், மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவித் தடவிப் படர்தாமரையை அடையாளம் தெரியாமல் ஆக்கிக்கொண்டு வருகிறவர்கள் உங்கள் ஓபிடிக்குத் தினமும் வருவார்கள். சீட்டு சின்னதாக இருப்பதால் யாரும் மறுப்பதில்லை, "இவ்வளவுதானா?" என்று கேட்டு இரண்டு அதிகமாகவே சொல்லித் தருவார்கள்.

மனநல ரொட்டேஷனைப் பல இடங்களில் பேருக்குப் போட்டு வைத்திருப்பார்கள். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கும்போது அதை வீணாக்குவது பாவம், அனுமதி வாங்கி இரண்டு வாரமாவது போக முடியுமா என்று பாருங்கள்.

சீனியரைப் பிடிப்பது

பிரிட்டனில் ஜிபி (அங்கத்திய ஃபேமிலி டாக்டர்) பயிற்சியும் மூன்று வருடம்தான். அங்கே ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் பொறுப்பான மூத்த ஜிபி ஒருவர் இருப்பார், ஆரம்பத்தில் ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் வரை கொடுத்து, பழகப் பழகக் குறைத்துக்கொண்டு வருவார்கள், பார்த்த நோயாளிகளைப் பற்றிப் பேசத் தனி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். இங்கே காகிதத்தில் கைடு இருப்பார், ஓபிடியில் 80 டோக்கனும் இருக்கும். ஆகவே பெரிதாகக் கேட்காதீர்கள், கிடைக்காது. வாரத்தில் ஒரு நாள், ஓபிடி முடிந்து காபி குடிக்கப் போகிற நேரத்தில் இருபது நிமிடம், ஒரே ஒரு நோயாளி. அதைக் கேளுங்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். "எப்படி சார் பார்த்தேன்?" என்றால் "நல்லா பார்த்தேம்மா, இன்னும் படி" என்றுதான் பதில் வரும், அதை வைத்து என்ன செய்வது? "இந்தப் பேஷண்ட்கிட்ட நான் கேட்காம விட்ட கேள்வி எது மேடம்?" என்று கேளுங்கள். "எந்த இடத்துல அவர் முகம் மாறிச்சுன்னு கவனிச்சீங்களா?" என்று கேளுங்கள். உள்ளே உட்கார்ந்து ஒரு நோயாளியை நீங்கள் பார்ப்பதை முழுசாகக் கவனிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும். முதல் தடவை கை நடுங்கும், பரவாயில்லை. சீனியருக்கே வீட்டு டாக்டர் அனுபவம் இல்லை என்றால், அதாவது மெடிசின் படித்தவரைக் கைடாகப் போட்டிருந்தால், வெளியே ஒருவரைத் தேடுங்கள். அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கமெல்லாம் முப்பது நாற்பது வருடமாக கிளினிக் வைத்திருக்கும் பழைய டாக்டர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஓரமாக உட்கார விடுவீர்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அவர்கள் எழுதும் ஆன்டிபயாட்டிக் எல்லாவற்றையும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. உள்ளே வருகிறவரின் நடையை வைத்தே அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று ஊகிப்பதை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டு வாருங்கள். 2010இல் தொடங்கிய ஏஎஃப்பிஐ என்ற குடும்ப மருத்துவர்கள் அமைப்பின் கூட்டங்களுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள், இதே புலம்பலோடு சுற்றுகிற பத்துப் பேரைச் சந்திப்பதே பாதித் தெம்பு.

கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்தால் இன்னொன்றும் செய்யலாம். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் ஜிபிக்களை உட்காரவைத்து, நோயைப் பற்றி இல்லாமல் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நடப்பதைப் பற்றிப் பேசவைத்தார். அதே மாதிரி மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் ரூமில் கூடி, எரிச்சல் மூட்டிய ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுங்கள். கைடுலைன் பேசுகிறவருக்கு அபராதம், அன்றைய பிரியாணி அவர் செலவு.

கன்னடம்

தமிழை வைத்தே பெங்களூருவில் பாதி ஓபிடியை ஓட்டிவிடலாம், அதனால்தான் பலர் மூன்று வருடமும் கன்னடம் கற்றுக்கொள்ளாமலே இருந்துவிடுகிறார்கள். இது பெரிய நஷ்டம். நர்ஸ் மொழிபெயர்த்துச் சொல்லும்போது நோயாளி அழுதது உங்களுக்கு வந்து சேராது. "ஏனாய்த்து?" (என்ன ஆச்சு?), "எஷ்டு தினதிந்த?" (எத்தனை நாளா?), "ஊட்டா மாடிதீரா?" (சாப்பிட்டீங்களா?) என்ற மூன்று கேள்வியில் ஆரம்பிக்கலாம். ஜ்வரா (காய்ச்சல்), கெம்மு (இருமல்), தலெ நோவு (தலைவலி), சுஸ்து (அசதி) என்று நோயின் பெயர்கள் ஒரு வாரத்தில் வந்துவிடும். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், அப்புறம் அடுத்த தடவை உங்களைத்தான் தேடி வருவார்கள். பீன்யா, பொம்மனஹள்ளி பக்கத்து கார்மென்ட்ஸ் பெண்கள் வேலை நேரத்தில் பாத்ரூம் போக முடியாமல் தண்ணீர் குடிக்காமலே இருப்பதும், அதனால் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதும் அவர்கள் பாஷையில் கேட்டால்தான் வெளியே வரும்.

சொந்தக்காரர்கள்

"அப்போ நீ ஸ்பெஷலிஸ்ட் இல்லையா?" கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்பார். "சளி காய்ச்சல் பார்க்க இன்னும் மூணு வருஷமா?" என்று அத்தை கேட்பார். கூடப் படித்தவன் ரேடியாலஜி எடுத்த செய்தியை யாராவது சரியாக அந்த நேரத்தில் சொல்வார்கள். இதற்குப் பெரிய விளக்கம் கொடுக்க முயலாதீர்கள், பந்தியில் யாரும் கேட்க மாட்டார்கள். சித்தப்பாவின் மாத்திரைப் பையை வாங்கிப் பாருங்கள், போதும்.

மனசுக்குள் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளும்போதுதான் பதில் வேண்டும். ரேங்க் குறைந்து வேறு வழியில்லாமல் வந்தவர்கள் நிறைய, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசைப்பட்டு வந்தவர்களுக்கும் வேறு வழியில்லாமல் வந்தவர்களுக்கும் முதல் வருடம் வித்தியாசம் தெரியும், நல்ல இடமாக இருந்தால் மூன்றாம் வருடம் அவ்வளவாகத் தெரியாது என்பது நான் பார்த்த வரையில் உண்மை. ஆனால் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அடுத்த நீட் தேர்விலும் வைத்துக்கொண்டு இருப்பதுதான் ஆளைத் தின்னும். எழுதுவதானால் எழுதுங்கள், அதற்கு ஒரு கெடு வையுங்கள், அந்த நாள் தாண்டிய பிறகு நீட் கேள்விகளுக்குப் பயிற்சி தரும் எம்சிக்யூ செயலியை ஃபோனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதல் தாளில் எழுதியவை

சும்மா விடக் கூடாது. 1992இல் மத்திய அரசு வெளியிட்ட ரெசிடென்சி திட்டத்திலேயே வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணிக்கு மேல் கூடாது என்று இருக்கிறது, எங்கேயும் நடப்பதில்லை என்பது வேறு விஷயம். தேசிய மருத்துவ ஆணையமான என்எம்சியின் 2023 முதுநிலை விதிமுறையில் வாராந்திர ஓய்வு நாளும் வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் சொல்லப்பட்டிருக்கின்றன. டிஎன்பிக்கு என்பிஇஎம்எஸ்ஸின் விடுப்பு விதி தனி, அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் "உங்க பேட்ச்ல நீங்க ஒருத்தர்தான் கம்ப்ளைன்ட் பண்றீங்க" என்பார்கள், நாலு பேராகப் போங்கள், எழுத்தில் கொடுங்கள்.

நோயாளியை "பதினாலாம் பெட்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தால், யார் செத்தாலும் பிழைத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றினால், லீவு நாளில்கூட எழுந்திருக்கப் பிடிக்காவிட்டால், அது சோம்பேறித்தனம் இல்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். டாக்டர் என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசி வருடம்

தீசிஸை உங்கள் ஓபிடியிலேயே சேகரிக்க முடிகிற விஷயமாக எடுங்கள். மற்ற துறையின் நோயாளிகளை நம்பி எடுத்தால் அவர்கள் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள். மேலே சொன்ன மாத்திரைப் பைகளே ஒரு நல்ல தலைப்பு. எம்ஆர்சிஜிபி இன்டர்நேஷனல் (பிரிட்டன் ஜிபி கல்லூரியின் வெளிநாட்டவருக்கான தேர்வு) எழுதுகிற எண்ணம் இருந்தால் டிஎன்பிக்குப் படிக்கும்போதே சேர்த்துப் படிப்பது லாபம், பாடம் பெரிதும் ஒன்றுதான். சொந்த கிளினிக் வைப்பதானால் கர்நாடக மெடிக்கல் கவுன்சில் பதிவும் கேபிஎம்இ (கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள்) சட்டப்படி கிளினிக் பதிவும் வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு போர்டு மாட்டிவிடாதீர்கள். அரசு வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க, 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம கிளினிக் என்ற கர்நாடக அரசின் சின்ன கிளினிக் ஒன்றில் சில நாள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கார்ப்பரேட் கிளினிக்குகளிலிருந்தும் அழைப்பு வரும், சம்பளம் நன்றாகவே இருக்கும். இன்டர்வியூவில் மூன்று கேள்வியை நீங்கள் கேளுங்கள். ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம்? பழைய நோயாளி திரும்ப வந்தால் என்னிடமே அனுப்புவீர்களா, யார் காலியாக இருக்கிறார்களோ அவரிடமா? மாதத்துக்கு இத்தனை டெஸ்ட், இத்தனை ரெஃபரல் என்று கணக்கு உண்டா? அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவது மருத்துவ ஒழுக்க விதிகளில் 2002லிருந்தே தடை செய்யப்பட்டது, அதனால் யாரும் அந்தப் பெயரில் சொல்ல மாட்டார்கள், "பெர்ஃபார்மன்ஸ் இன்சென்டிவ்" என்பார்கள். மூன்றுக்கும் பதிலை ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் டாக்டர்" என்று வந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், அங்கே ஏற்கெனவே வேலை செய்துவிட்டு வெளியே வந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.